ஒரு கட்டு ஏடும் ஒரு கொப்பியும்



உலகத்துப் புத்தகங்களின் வரலாறு பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். அது ஒரு வானொலி உரைக்குள் அடங்கும் பொருளன்று. ஆகவே முள்ளியவளையில் இருந்துகொண்டு பார்ப்பவனுக்கு அந்த வரலாறு எப்படித் தெரிகிறதோ, அந்த அளவில் மட்டும் சொல்ல முயல்கிறேன்.

சென்ற விசயதசமிக்கு மறுநாள், வகுப்பிலே ஒரு சிறுமி எழுந்து நின்று கேட்டாள்: "சேர், நேற்றுத் தம்பிக்கு ஏடு துவக்கினவை. ஐயர் அரிசியிலதானே எழுதுவிச்சவர். ஏடு எங்கை சேர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏட்டைக் கண்ணாற் கண்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். ஒரு கையும் உயரவில்லை. சரி, பாடப்புத்தகங்களைத் தவிர வீட்டில் வேறு என்ன புத்தகம் இருக்கிறது என்று கேட்டேன். சிலர் பஞ்சாங்கம் என்றார்கள். இரண்டொருவர் தேவாரப் புத்தகம் என்றார்கள். அதிகம் பேர் சொன்னது, "அப்பப்பாவின்ரை கல்வெட்டு", "மாமாவின்ரை கல்வெட்டு" என்பதுதான். அந்த விடையைப் பற்றிப் பின்னர் பேசுவேன். முதலில் அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன்.

ஏடு எங்கே போயிற்று?

ஏடு என்பது பனையோலை. வன்னியிலே பனைக்குக் குறைவில்லை. குருத்துமன்றி முற்றலுமன்றி இடைப்பட்ட ஓலையை வெட்டி, ஈர்க்கு நீக்கி, ஓர் அளவாக நறுக்கி, நீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, வழுவழுப்பான கல்லினாலோ சங்கினாலோ தேய்த்தெடுப்பார்கள். இதற்கு ஓலையைப் பாடம் செய்தல் என்று பெயர். மாணாக்கருக்கு நாம் செய்வதாகச் சொல்லிக்கொள்வதும் ஏறக்குறைய அதுதான்! பின்னர் எழுத்தாணியாற் கீறி எழுதி, கரியும் எண்ணெயும் இலைச்சாறும் பூசித் துடைத்தால், கீறிய இடத்தில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் தெரியும். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் பலகை வைத்துக் கட்டினால் அது சுவடி. கயிற்றின் நுனியிற் கட்டும் ஓலைத்துண்டுக்குக் கிளிமூக்கு என்ற அழகான பெயரும் உண்டு.

ஓலை நம் எழுத்தையே ஆண்டது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இட வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஆனால் ஏடெழுதியவர்கள் புள்ளி இடாமலே எழுதினார்கள். எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் ஏட்டிலே தெரியாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர் வீரமாமுனிவர் என்பது இலக்கணம் பயின்றோர் அறிந்ததே. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் பெரும்பாலும் அடையாளம் இல்லை. ஆகவே ஏட்டைக் கையிற் கொடுத்துவிட்டால் ஒருவன் படித்துவிட முடியாது. சொல்லித்தர ஆசிரியன் வேண்டும். ஏடும் ஆசிரியனும் சேர்ந்தால்தான் ஒரு புத்தகம்.

நம் கோயில்களில் நடக்கும் புராணபடனத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார், ஊர் இருந்து கேட்கும். கந்தபுராணமோ, மார்கழியில் திருவாதவூரடிகள் புராணமோ, பிள்ளையார் கதையோ, எதுவானாலும் ஒரு புத்தகத்தைப் படிக்க இரண்டு பேரும் ஊரும் தேவைப்பட்டன. எழுத்தறியாத என் ஆச்சிக்குச் சூரபன்மன் வதைப் படலம் எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் புத்தகம் படிக்காதவர் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

உலகம் முழுவதும் இப்படித்தான். எந்த நிலத்தில் எது கிடைத்ததோ அதுவே புத்தகமாயிற்று. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட மெசொப்பொத்தேமியாவில் மண் இருந்தது. களிமண் பலகையில் எழுதினார்கள். நைல் நதிக்கரையில் நாணல் இருந்தது. பப்பைரசுத் தாள் செய்தார்கள். ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் பதப்படுத்தி எழுதினார்கள் மேற்கு நாட்டார். சீனர் மூங்கிற் கீற்றில் எழுதினார்கள். பின்னர் அவர்களே கடதாசியைக் கண்டார்கள். மரக்கட்டையிற் செதுக்கி அச்சிட்ட புத்தர் சூத்திரம் ஒன்று, 868 என்று ஆண்டு குறிக்கப்பட்டது, துன்குவாங் குகையிலிருந்து கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் குட்டன்பெர்க் தமது வேதாகமத்தை அச்சிட்டது 1455 அளவில். அதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தியது அந்தச் சீன நூல்.

இவற்றுள் களிமண்ணின் கதை எனக்கு மிகவும் விருப்பமானது. அசீரிய மன்னன் அசுர்பனிபால் நினிவே நகரில் பெரிய நூல்நிலையம் ஒன்று வைத்திருந்தான். கி.மு. 612இல் பகைவர் அந்நகரை அழித்துத் தீ வைத்தார்கள். தீ என்ன செய்தது தெரியுமா? பச்சைக் களிமண் பலகைகள் சூளையில் இட்ட செங்கல் போலச் சுட்டு இறுகின. நகரம் அழிந்தது, நூல்கள் நின்றன. பலகைகளும் உடைந்த துண்டுகளுமாக முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டவை இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எரித்தும் அழியாத நூல்நிலையம் அது. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஓலையும் கடதாசியும் அவ்வாறு எரிவதில்லை.

நேயர்களே, நம் இலங்கைத் தீவிலேயே புத்தக வரலாற்றின் ஒரு பெரிய அத்தியாயம் நடந்திருக்கிறது. அதைத் தமிழ் மாணவர்கள் அதிகம் அறிவதில்லை என்பது என் குறை. மாத்தளைக்கு அருகே அலுவிகாரை என்ற குகைக்கோயில் உண்டு. புத்தர் உபதேசித்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் ஏறியது அங்கேதான் என்பது பௌத்த மரபு. காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு, வட்டகாமணி அபயன் ஆட்சி. அதுவரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அத்தனை நூல்களும் பிக்குகளின் மனத்திலேயே இருந்தன. இன்ன குழுவினர் இன்ன பகுதியை ஓதிக் காக்க வேண்டும் என்று பங்கிட்டு வைத்திருந்தார்கள்.

பிறகு ஏன் எழுதினார்கள்? போரும் பஞ்சமும் வந்தன. தமிழகத்திலிருந்து படையெடுப்பு ஒருபுறம், உள்நாட்டுக் கலகம் ஒருபுறம், பெரும் பஞ்சம் ஒருபுறம். பிக்குகள் சிதறினார்கள். பாளி உரைநூல்கள் சொல்லும் செய்தி உள்ளத்தை உருக்குவது. கிழங்கும் இலையும் தின்று உயிர் தாங்கிய பிக்குகள், உட்கார வலுவிருந்தபோது உட்கார்ந்து ஓதினார்களாம். வலுப்போனபோது மணலிலே தலைகளை ஒன்றுசேர வைத்துப் படுத்துக்கொண்டு ஓதினார்களாம். மகாநித்தேசம் என்ற நூலைப் பற்றிய செய்தி இன்னும் கூர்மையானது. ஒரு காலத்தில் அதை முழுவதும் அறிந்தவர் ஒரே ஒரு பிக்குவாக இருந்தார். அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் பாடம் கேட்க ஒரு பெரிய தேரருக்கு மனம் இடம் தரவில்லை. ஆயினும் அவர் இறந்தால் நூலும் இறந்துவிடுமே என்று மற்றவர்கள் வற்புறுத்த, தேரர் போய் அவரிடமே பாடம் கேட்டார்.

எழுதி வைத்தது பெருமைக்காகவன்று, அச்சத்தினால். இத்தனை பேர் இறந்தபின் மீதிப்பேரும் இறந்தால் என்ன ஆகும் என்ற அச்சம். இதை நான் நூலிற் படித்தபோது ஒரு செய்தியாகவே படித்தேன். அதன் பொருள் விளங்கியது பின்னர்தான்.

இனி அச்சுக்கு வருவோம். தமிழ் எழுத்தால் அச்சான புத்தகங்களில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. பதினாறு பக்கம் கொண்ட சிறிய கிறித்தவ வினாவிடை. செய்தவர் அண்டிறிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த போர்த்துக்கேயப் பாதிரியார். அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஓர் இனத்தின் மூத்த அச்சுப் புத்தகம் ஒரே பிரதியாக, அதுவும் கடல் கடந்து இருப்பது பெருமையா வருத்தமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதன் பின் நெடுங்காலம் கழித்துத் தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சுக்கூடம் அமைத்தார். புதிய ஏற்பாட்டை 1715இல் முடித்தபோது அவர் பட்ட பாடு சாதாரணமானதன்று. யேர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவை, கடதாசியோ போதாது. எழுத்தைச் சிறிதாக்கினாற்றான் கடதாசி மிஞ்சும். பாற்கட்டி அடைத்து வந்த ஈய உறைகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள் என்பர். கடதாசித் தட்டுப்பாடு எழுத்தைச் சிறிதாக்கியது என்ற இந்தச் செய்தியைச் சொன்னால் எங்கள் பக்கத்து மூத்தவர்கள் உடனே தலையாட்டுவார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான நாளிதழை ஜாம் போத்தல் விளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் நாம். நான் அப்போது பாடசாலை மாணவன். ஒரு கொப்பியில் முதலிற் பென்சிலால் எழுதி, பின்னர் அதன் மேலேயே பேனையால் எழுதுவோம்.

யாழ்ப்பாணத்துக்கு அச்சியந்திரம் வந்த கதையும் எளிதானதன்று. 1820இல் அமெரிக்க மிசனார் அச்சாளர் ஒருவரை அனுப்பினார்கள். ஆங்கில அரசாங்கம் அவரை நாட்டில் இருக்க விடவில்லை; திருப்பி அனுப்பிற்று. அச்சியந்திரத்தைக் கண்டு அரசுகள் அஞ்சியது அப்போதும் உண்டு. 1834இல்தான் மானிப்பாயில் அவர்களது அச்சகம் தொடங்கியது. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை, 1842இல் மானிப்பாய் அகராதி. அங்கே தமிழகத்தில், சுதேசிகள் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835இலேதான் கிடைத்தது.

அந்த உரிமையைத் தமிழுக்குப் பயன்படுத்தியவர்களுள் தலையாயவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பார்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர், அங்கே கற்றது தமிழ் உரைநடையை மட்டுமன்று, அச்சின் வலிமையையும்தான். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அதே பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை தொடங்கியது. எதிராளியின் ஆயுதத்தைக் கற்று அவனிடமே திருப்பினார் என்று மேடையில் பேசுவோர் கைதட்டு வாங்குவர். எனக்கோ ஓர் ஆசிரியன் என்ற முறையில் அவரது வேறொரு செயலே பெரிதாகப் படுகிறது. அவர் பாலபாடம் அச்சிட்டார். சந்தி பிரித்தார். நிறுத்தக் குறிகளை முறையாக இட்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். அதாவது ஆசிரியன் பக்கத்தில் இல்லாதபோதும் ஒருவன் தனியே இருந்து படிக்கத்தக்க புத்தகத்தைச் செய்தார். ஏடும் ஆசிரியனும் சேர்ந்து ஒரு புத்தகம் என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா? நாவலர் அந்த ஆசிரியனை அச்சுக்குள்ளே கொண்டுவந்து இருத்தினார். அதனால் நாம் பெற்றது மிகுதி. இழந்ததும் உண்டு. ஊர் கூடி இருந்து கேட்ட வழக்கம் அதன் பின் மெல்லத் தேய்ந்தது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிச் சொல்லாமற் போனால் பாவம் வரும். 1832இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, அரச உத்தியோகமும் பார்த்தவர். வசதியாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ ஏடு தேடி அலைந்தார். 1881இல் வீரசோழியம், 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று ஒவ்வொன்றாக அச்சேற்றினார். அவருடைய பதிப்புரைகளை இன்று படித்தாலும் கண் கலங்கும். கட்டை அவிழ்க்கும்போதே ஓலை நொறுங்குவதையும், துளைகளாற் பாழ்பட்ட ஏட்டில் மீந்த எழுத்தை வைத்துப் பாடம் காணுவதையும், இன்று அச்சிடாவிட்டால் சில நூல்கள் அடுத்த தலைமுறைக்கு இல்லை என்பதையும் அவர் சொல்லும்போது, சொல்பவர் அறிஞர் என்பதை மறந்து, நோயாளியின் கட்டிலருகே நிற்கும் உறவினர் என்றே தோன்றும். அவர் அச்சிட்டவற்றிற் பிழை உண்டு. பின்வந்தோர் அவற்றைத் திருத்தினார்கள். ஆனால் திருத்துவதற்கு ஒரு புத்தகம் கையில் இருந்தது அவரால். 1887இலேயே சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், 1892இற் சிலப்பதிகாரத்தையும் 1894இற் புறநானூற்றையும் அச்சேற்றியது நீங்கள் நன்கறிந்த கதை. நான் நீட்டவில்லை.

ஆனால் 1892 என்ற ஆண்டில் ஒரு கணம் நிற்க வேண்டும். சிலப்பதிகாரம் அச்சேறுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே எங்கள் வற்றாப்பளையில் கண்ணகி இருந்தாள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீர் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கேற்றி வைக்கும் மரபை அறியாதவர் வன்னியில் இல்லை. ஈழத்திலே அவளுடைய கதை கண்ணகி வழக்குரை, கோவலனார் கதை, சிலம்பு கூறல் என்று வேறு வேறு பெயரோடு ஏட்டிலும் வாயிலும் வாழ்ந்தது. முள்ளியவளையில் கோவலன் கூத்தாக ஆடப்பட்டது. இளங்கோவடிகளின் காவியத்தைக் காணாதவர்கள் இவர்கள். இவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

இதனை ஒரு குறையாகவும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாவலர் அச்சகம் வைத்த நாளில் வன்னியில் அச்சகம் இல்லை. வன்னியரின் வருகையைப் பாடும் வையா பாடல் போன்றவை பின்னர் வெளியிலே அச்சேறின. வன்னி மாவட்டங்களைப் பற்றி லூயிஸ் துரை 1895இல் ஆங்கிலத்திற் பெரிய கைநூல் ஒன்று எழுதினார். ஆனால் எங்கள் கூத்துப் பாட்டும், பள்ளும், வேளாண்மைப் பாட்டும் பெரும்பாலும் அண்ணாவிமாரின் கொப்பிகளில் இருந்தன. ஓலை போய்க் கொப்பி வந்ததே தவிர, முறை ஏட்டு முறையேதான். ஒருவர் எழுதுவார், அடுத்தவர் பார்த்து எழுதுவார், பிழையும் சேரும், புதுப் பாட்டும் சேரும். ஆடுகளத்தின் ஓரத்தில் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் ஒருவர் அந்தக் கொப்பியோடு இருப்பார். ஆடுபவர் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுப்பார். எண்ணெய்க் கறையும் வெற்றிலைக் கறையும் படியாத கூத்துக் கொப்பியை நான் கண்டதில்லை.

என் அம்மப்பா அப்படி ஒருவர். அவருடைய றங்குப்பெட்டியில் ஒரு கட்டு ஏடும் மூன்று கொப்பிகளும் இருந்தன. ஏட்டை எங்கள் வீட்டில் எவராலும் படிக்க முடியாது. வாணி விழாவுக்கு எடுத்து, பட்டுத்துணி சுற்றி, கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்து, பூப்போட்டுக் கும்பிட்டுத் திருப்பி வைப்போம். அது வாகடமா, சோதிடமா, சிலம்பு கூறலா என்று நான் கேட்டதில்லை. தமிழ்ப் பட்டதாரியாகி வந்த பின்னும் அதை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைப் பற்றி மேடைகளில் எத்தனை முறை பேசியிருப்பேன்! 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தமது வீட்டிலே தொடங்கி வைத்த வாசிகசாலை வளர்ந்து, 1959இல் அழகிய கட்டடமாகத் திறக்கப்பட்டு, 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள், அவற்றோடு ஏடுகளும். அந்தத் தீயைத் தூரத்தே கண்ட தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். இதையெல்லாம் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாணவர்க்குச் சொல்லுவேன். பெரிய நூலகம் எரிந்தால் உலகம் அறியும். றங்குப்பெட்டி தொலைந்தால் யார் அறிவார்?

2008ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் முள்ளியவளையை விட்டு இடம்பெயர்ந்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூடை, தறப்பாள், சட்டிபானை, தையல் இயந்திரம், எல்லாவற்றுக்கும் மேலே அந்த றங்குப்பெட்டியும் ஏறியது. அம்மப்பா அப்போது இல்லை. ஆச்சி பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வந்தார். ஒவ்வோர் இடமாகப் பெயரப் பெயர ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தோம். கடைசியில் கையிற் கொண்டுபோகக் கூடியதை மட்டும் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. நான் பெட்டியைத் திறந்து என் பட்டச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துப் பொலித்தீன் பையில் இட்டு இடுப்பிற் கட்டிக்கொண்டேன். ஏட்டுக் கட்டு கையிற் பட்டது. பாரமானதன்று. இரண்டு றாத்தலும் இராது. அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சான்றிதழை எடுத்தது தவறென்று சொல்லமாட்டேன். அதனாற்றான் இன்று உத்தியோகம் பார்க்கிறேன், குடும்பம் சாப்பிடுகிறது. ஆனாலும் தாமோதரம்பிள்ளையைப் பற்றிப் பாடம் நடத்தும் நாட்களில் அந்தப் பெட்டி மூடி சாத்திய ஓசை எனக்குக் கேட்கும்.

2009இல் செட்டிகுளம் முகாமில் ஒரு மாலை, தறப்பாளுக்குள் படுத்திருந்த ஆச்சி மெல்லிய குரலில் எதையோ பாடுவது கேட்டது. தாலாட்டு என்று நினைத்தேன். கூர்ந்து கேட்டபோது கோவலன் கூத்து. பெண்கள் ஏறாத கூத்துக் களரி அது. ஆனால் ஒத்திகை நடந்ததெல்லாம் எங்கள் முற்றத்தில். அண்ணாவிமாருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தவர் ஆச்சி. ஐம்பது ஆண்டு கேட்ட காதுகள். பிள்ளைகளுக்கென்று பகிர்ந்த கொப்பி ஒன்றை வாங்கி, அன்று தொடக்கம் எழுதத் தொடங்கினேன். ஆச்சிக்கு வரிசையாகச் சொல்ல வராது. பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பேசச் சொன்னால் ஒரு சொல்லும் வராது, பாடினால்தான் வரும். வலுவுள்ள நாளில் உட்கார்ந்து பாடுவார். இல்லாத நாளிற் படுத்தபடியே பாடுவார். அலுவிகாரைக் கதை எனக்கு விளங்கியது அப்போதுதான்.

நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். நடுவிலே ஓர் இடைவெளி இருக்கிறது. கோவலன் சிலம்பை விற்கப் புறப்பட்டுக் கண்ணகியிடம் விடைபெறும் இடம் முழுமையாக உண்டு. அடுத்தது அவன் கொலைக்களத்தில் நிற்கும் இடம். இடையே தட்டானைச் சந்திக்கும் பகுதி இல்லை. எத்தனை முறை பாடினாலும் அந்த இடத்தில் ஆச்சி சற்று நின்று, தாண்டிப் போய்விடுவார். "அதிலை அவர் மத்தளத்தை மாத்தி அடிப்பார்" என்று மட்டும் சொல்லுவார். பாட்டு மறந்துவிட்டது, மத்தள அடி நினைவிருக்கிறது. நாங்கள் ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வருடம் ஆச்சி காலமானார்.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்தோம். இப்போது என் மாணாக்கரின் விடைக்கு வருகிறேன். முப்பத்தோராம் நாட் சடங்கில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் இந்தச் சிறு புத்தகத்தை இலக்கியகாரர் எள்ளி நகையாடுவதுண்டு. திதி வெண்பாவும் புலம்பற் பாட்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்பர். உண்மைதான். நானும் சிலவற்றுக்கு வெண்பா எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் எனக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு. ஆனால் அதில் ஒரு மனிதர் பிறந்த ஊர், பெற்றோர், கொண்ட இடம், கொடுத்த இடம், செய்த தொழில், பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. காணி உறுதியும் பதிவேடும் பாடசாலை இடாப்பும் அழிந்துபோன மாவட்டத்தில், ஒரு கிராமத்தின் நான்கு தலைமுறையைக் கூட்டிப் பார்க்க வேண்டுமானால் இந்தக் கல்வெட்டுகளை வரிசையாக அடுக்கினாற் போதும். சரித்திர நூல் எழுத வருபவர் இதைத்தான் முதலிற் கேட்க வேண்டும். 2005இலே தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தார், ஈழத்து நூல்களோடும் சஞ்சிகைகளோடும் இந்த நினைவு மலர்களையும் படமெடுத்துச் சேர்த்து வருவதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அவர்களுக்கு இவற்றின் பெறுமதி தெரிந்திருக்கிறது.

ஆகையால் நேயர்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் வீட்டில் ஏடு இருந்தால் அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள். உலர்ந்த ஓலை கயிற்றை இழுத்தவுடன் முறியும். மண்ணெண்ணெய் பூசாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், பிளாத்திக்கு உறையில் ஒட்டாதீர்கள். பூச்சிக்கு வசம்பு வைப்பது முன்னோர் கண்ட வழி. ஓலை இளக எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அவர்களை அழைத்துச் செய்வியுங்கள். முதலில் ஒவ்வோர் ஏட்டையும் இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள். இப்போது எந்த வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. கூத்துக் கொப்பியோ பழைய கல்வெட்டோ கிடந்தால் தூசு என்று எரிக்காதீர்கள். முதியவர் ஒருவர் எதையாவது முணுமுணுத்தால், வேலையை விட்டுவிட்டு அருகில் இருந்து கேளுங்கள்.

வகுப்பிலே கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கு நான் அன்று முழு விடை சொல்லவில்லை. மறுநாள் ஒரு பனையோலையும் ஓர் ஆணியும் கொண்டுபோய், நறுக்கி அவித்த ஓலையில் அவளுடைய பெயரை எழுதச் சொன்னேன். புள்ளி வைக்கும்போது ஓலை கிழிந்தது. "அதுக்குத்தான் சேர் அவையள் புள்ளி வைக்கேல்லையோ?" என்றாள்.

கடைசியாக ஒன்று. முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளை, குமுழமுனைப் பக்கத்தவர்களும், அங்கிருந்து போய் வேறு ஊர்களிலும் நாடுகளிலும் வாழ்பவர்களும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுள் எவருக்காவது கோவலன் கூத்தில், கோவலன் மதுரைத் தெருவில் தட்டானைச் சந்திக்கும் இடத்துப் பாட்டு நினைவிருந்தால், ஓரடியாயினும் சரி, இந்த வானொலி நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அந்த இடத்தில் மத்தள அடி மாறும். எனது கொப்பியில் இருபத்து மூன்றாம் பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.